பைன் மரத்தடியில் இஞ்சி விளைவித்த ஹபீபா அம்மா

முந்தாநாள் பகல், காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்தபோது ஹபீபா அம்மாவின் மகன் போன் செய்தார். "அம்மா போயிட்டாங்க. சாயங்காலம் அஸர் தொழுகை முடிஞ்சு அடக்கம். வந்துருங்க" என்றார். கூடையை அப்படியே போட்டுவிட்டு, மகன் வீடிருக்கும் தருமபுரிக்குப் பஸ் ஏறினேன்.

வத்தல்மலையில் என் தோட்டத்துக்கு மேலண்டையில் அவரது பைன் தோப்பு. கணவர் ஆசையாக நட்ட மரங்கள். அவர் காலமானதும் கொழுந்தனார்கள், "வெறும் நிழலை வெச்சு என்ன பண்றது? வெட்டி வித்துட்டு நிலத்தைப் பிரிச்சுக்கலாம்" என்றார்கள். அம்மா மூன்று வருஷம் தவணை கேட்டார். அதற்குள் மரத்தடியில் விளைச்சல் காட்டினால் மரங்கள் நிற்கும்; இல்லாவிட்டால் ரம்பம்.

துணிக்கடை பார்த்தவர் அவர். மண்வெட்டி பிடித்துப் பழக்கமில்லை. என்னிடம் யோசனை கேட்டார். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே! "இந்த ஊசிச் சருகு மண்ணைக் கெடுத்துடும்மா. ஒண்ணு விடாமக் கூட்டித் தள்ளிட்டு இஞ்சி போடுங்க" என்றேன். தினமும் விடிந்ததும் தோப்பு முழுக்கக் கூட்டினார். வெறுந்தரையான சரிவில் அடித்த மழை மண்ணை வாரிக்கொண்டு போனது. கிழங்கு வெளியே தெரிந்து காய்ந்தது. இரண்டு வருஷமும் இதே கதி. "நல்லாக் கூட்டலைங்கம்மா" என்று வேறு சொன்னேன்.

மூன்றாம் வருஷம் வைகாசியில் நட்ட கையோடு அவருக்கு முழங்கால் ஆபரேஷன். கூட்ட ஆளில்லாமல் சருகு மெத்தையாகக் கிடந்தது. ஆடிக் கடைசியில் தடியூன்றி வந்து பார்த்தால், சருகைத் துளைத்துக்கொண்டு வரிசையாய் இஞ்சி! மண் நகரவில்லை, ஈரம் காயவில்லை. "ஏனுங்கண்ணா, ரெண்டு வருஷமா என் இடுப்ப ஒடிச்சீங்களே!" என்று சிரித்தார். அவ்வளவுதான் திட்டு. தை மாதம் மூட்டைகள் இறங்கியதும் கொழுந்தனார்கள் ரம்பப் பேச்சை விட்டார்கள்.

பிறகு மிளகும் கருணைக்கிழங்கும் வந்தன. பார்க்க வந்தவர்கள், "சருகை விட்டுவைக்கணும்னு யாருங்க சொன்னது?" என்பார்கள். "பக்கத்துத் தோட்டத்து அண்ணன்தாங்க" என்று என்னைக் கைகாட்டுவார். பெருந்தன்மையா, கிண்டலா, இன்றுவரை தெரியாது. நானும் மீசையைத் தடவிக்கொண்டு நிற்பேன். வெட்கங்கெட்டவன், வருஷக்கணக்காய் அப்படியே நின்றேன்.

அடக்கத்தில் ஆளுக்கு மூன்று பிடி மண் போட்டோம். அவர் மகன் உறவினர்களிடம், "அம்மாவுக்கு வெவசாயம் சொல்லிக்கொடுத்தவரு இவருதாங்க" என்றார்.

"இல்லப்பா. என் பேச்சையே கேட்டுட்டிருந்தா தோப்புல ஒரு மரம் நின்னிருக்காது" என்றேன்.

உங்கள் முகம் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும், ஹபீபா அம்மா. பொறுத்துக்கொண்டு போய்வாருங்கள்.