அக்காவின் மயிலை மாடும் என் கேமராவும்

என் படங்களைப் பார்த்து முகம் சுளிக்கும் உரிமை இந்த உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் உண்டு. ஒருத்தி என் மனைவி. இன்னொருத்தி காங்கேயத்துக்குப் பக்கத்தில் தோட்டத்தில் குடியிருக்கும் என் அக்கா. மனைவி அந்த உரிமையை நாள் தவறாமல் பயன்படுத்திக்கொள்வாள். அக்காவோ, நான் எதைக் காட்டினாலும், "என்ற தம்பி எடுத்தா அது ஒரு அழகுதான்" என்று சொல்லிவிட்டு அப்புறம்தான் படத்தையே பார்ப்பாள். அப்பேர்ப்பட்டவள் போன வருஷம் என் படங்களை ஒன்றன்பின் ஒன்றாக வேண்டாம் என்று தள்ளினாள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

நான் கோயம்புத்தூரில் மோட்டார் பம்பு செய்யும் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். வார்ப்பில் ஊசி முனையளவு துளை இருந்தாலும் சிவப்புச் சாயத்தால் ஒரு கோடு இழுத்துத் திருப்பி அனுப்பிவிடுவேன். வார்ப்புப் பட்டறைக்காரர்கள் என்னைக் கண்டால் டீக்கடையில்கூட நகர்ந்து உட்காருவார்கள். வேலையை விட்டு வந்த வாரம் மகள் ஒரு கேமரா வாங்கிக் கொடுத்தாள். "இத்தனை நாள் குறையத் தேடுனீங்க. இனியாவது நல்லா இருக்கறதைத் தேடுங்கப்பா" என்றாள்.

சொன்னபடியே தேடினேன். விடிந்ததும் சிங்காநல்லூர் குளத்துக்குப் போய்விடுவேன். நீர்க்காகம் இறக்கையைக் காயவைக்கும்போது ஒன்று, நாமக்கோழி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும்போது ஒன்று என்று எடுத்துக்கொண்டு, அப்புறம் கரையில் கண்ணை மூடி உட்காருவேன். மனசை அமைதியாக வைத்துப் பழக வேண்டும் என்று ஆசை. எங்கே! பக்கத்துத் தோப்பில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டதும் அதில் பேரிங் தேய்ந்திருப்பது எனக்குத் தெரிந்துவிடும். அதோடு தியானம் முடிந்தது. வீட்டுக்கு வந்து, நகைக்கடையில் இலவசமாகக் கொடுத்த டைரியில் அன்றைக்குப் பார்த்ததை எழுதுவேன். "ஏனுங்க, அந்தப் பறவைக்கெல்லாம் வருகைப் பதிவு போட்டாச்சுங்களா?" என்று மனைவி சமையலறையிலிருந்து கேட்பாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது அக்கா மகன் போன் செய்தான். திருப்பூரில் பனியன் தைக்கும் யூனிட் வைத்திருக்கிறான். மச்சான் காலமான பிறகு தோட்டத்தில் அக்கா ஒருத்திதான். துணைக்கு ஒரு மயிலை மாடு. சாம்பல் நிறத்தில், கொம்பு வளைந்து, பார்க்கவே ராணி மாதிரி இருக்கும் காங்கேயம் பசு. மழைக்காலத்தில் அக்கா கட்டுத்தாரையில், அதாவது மாடு கட்டும் இடத்தில், சாணித் தண்ணீரில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டிருந்தாள். கட்டுப் பிரித்த பிறகும் கை லேசாக ஒருபக்கம் திரும்பியே நின்றுவிட்டது.

"மாமா, அம்மாவை இனித் தனியா உட முடியாதுங்க. மாட்டைக் குடுத்துப்போட்டா தோட்டத்துல அம்மாவுக்கு வேலை இல்ல. எங்ககூட வந்துருவாங்க. வாட்ஸாப் குரூப்புல போட்டா உடனே ஆள் வருவாங்க. படம் மட்டும் நல்லா இருக்கோணும். நீங்க எடுத்துக் குடுங்க" என்றான்.

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதைவிட, என் படத்தை நம்பி ஒருவன் கேட்கிறான் என்பது இருந்தது. மறுநாளே கேமராவைத் தூக்கிக்கொண்டு சிங்காநல்லூரில் காங்கேயம் பஸ் ஏறிவிட்டேன்.

முதல் தடவை பிரமாதமாக வந்தது. காலை வெயில் கிளுவை வேலிக்கு மேலாகச் சாய்ந்து விழுந்தது. திமில், கழுத்துத் தொங்கல், கொம்பு எல்லாம் எடுப்பாக இருந்தன. "அக்கா, சித்த அக்கட்டால நில்லுங்க" என்று அவளை ஓரமாக நிற்கச் சொல்லித்தான் எடுத்தேன். கேமராவின் சின்னத் திரையில் காட்டினேன். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"வயித்து மேல நெழல் உழுந்துருக்குது கண்ணு. பாக்கறவங்க மச்சம்னு நெனச்சுக்குவாங்க. வேண்டாம். அடுத்த வாரம் வந்து எடுக்கலாம். இப்ப வா, சாப்புடலாம்."

அடுத்த வாரம் மேகமூட்டமாக இருந்தது. நிழலே இல்லை. நானே என் முதுகில் தட்டிக்கொடுக்கலாம் போல இருந்தது. அக்கா பார்த்துவிட்டு, "கண்ணு மூடுனாட்ட இருக்குது பாரு. தூங்குமூஞ்சி மாடுன்னு சொல்லீருவாங்க" என்றாள். மாடு கண்ணைச் சிமிட்டாத ஒரு நொடிக்காக நான் கால் கடுக்கக் காத்து நின்ற நிற்பு எனக்குத்தான் தெரியும். இருந்தாலும் அடுத்த வாரமும் போனேன். இந்தத் தடவை கண் முழித்திருந்தது, காது விடைத்திருந்தது, கொம்பு இரண்டும் ஒரே அளவில் தெரிந்தன. என் பழைய கம்பெனியில் இந்தப் படம் ஓர் உதிரிப் பாகமாக வந்திருந்தால் நானே பாஸ் போட்டிருப்பேன்.

அக்கா பார்த்தாள். தலையை ஆட்டினாள். "மூஞ்சியில ஒரு சந்தோசமே இல்லயே கண்ணு."

"மாடு சிரிக்குமாங்கக்கா?" என்று கத்தியேவிட்டேன். கேமராவைப் பையில் போட்டுக்கொண்டு, போட்ட இலையில் உட்காராமல் கிளம்பிவிட்டேன். அக்கா பின்னாலேயே வண்டித்தடம் வரைக்கும் வந்து, முருங்கைக்காயும் தேங்காயும் போட்ட பையை என் கையில் திணித்தாள். கோபத்தில் வாங்காமல் வர வேண்டும் என்று நினைத்தேன். முருங்கைக்காய் நன்றாக இருந்ததால் வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை. எல்லாப் படத்தையும் கம்ப்யூட்டரில் போட்டு, என் மேல் தப்பில்லை என்று நிரூபிக்க உட்கார்ந்தேன். ஒவ்வொன்றிலும் ஓரத்தில் ஏதோ துருத்திக்கொண்டிருந்தது. அதை வெட்டிவிட்டுப் பார்த்தால் படம் சுத்தமாக இருந்தது. அடுத்ததையும் வெட்டினேன். காபி கொண்டுவந்த மனைவி என் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏனுங்க, எதைங்க வெட்டீட்டே இருக்கறீங்க? உங்க அக்கா கையாட்ட இருக்குது."

வெட்டியதைத் திரும்பக் கொண்டுவந்து பார்த்தேன். அக்காவின் கைதான். லேசாகத் திரும்பிப்போன அதே மணிக்கட்டு. ஓரமாக நில்லுங்கள் என்று நான் சொல்லச் சொல்ல, அவள் நின்ற இடத்திலிருந்தே எட்டி மாட்டின் கழுத்தைத் தொட்டுக்கொண்டிருந்தாள். முதல் வாரமும் அப்படித்தான், கடைசி வாரமும் அப்படித்தான். ஒரு படத்தில்கூட அவள் கையை எடுத்திருக்கவில்லை. தரம் பார்த்தே காலம் தள்ளியவன் நான். திரையில் நிழலையும் கொம்பையும் பார்த்தேனே தவிர அந்தக் கையைப் பார்க்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. மனைவி காபியை வைத்துவிட்டுப் போனாள். பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்றைக்கு டைரியில் "குறை படத்தில் இல்லை" என்று மட்டும் எழுதினேன். அதற்கு மேல் பேனா ஓடவில்லை.

அக்காவிடம் நேராகவே கேட்டிருக்கலாம். ஆனால் அவளை எனக்குத் தெரியும். கேட்டால், "எனக்கென்ன கண்ணு, பையன் சொன்னாக் குடுத்துர வேண்டியதுதான்" என்பாள். மகன் பேச்சைத் தட்டினாள் என்ற பேரை எடுக்க அவளுக்கு மனசு வராது. அவன் பயமும் பொய்யில்லை. மறுபடி விழுந்தால் தூக்கிவிட அங்கே ஆள் கிடையாது. அடுத்த வாரம் பஸ்ஸில் இதையே யோசித்துக்கொண்டு போனேன். பல்லடம் தாண்டும்போது ஒரு முடிவுக்கு வந்தேன்.

அந்தத் தடவை உச்சி வெயிலில் எடுத்தேன். மாட்டின் பின்பக்கமாக நின்றுகொண்டேன். வாலில் ஒட்டியிருந்த சாணியைத் துடைக்கவில்லை. விலா எலும்பெல்லாம் தெரிகிற மாதிரி கேமராவைத் தாழ்த்திப் பிடித்தேன். முகம் வேண்டுமே என்பதற்காக ஒரு கொம்பு மட்டும் தெரிகிற மாதிரி வைத்தேன். எங்கள் கம்பெனியில் ஒருவன் இப்படி ஒரு வேலை செய்திருந்தால் அவனை நான் கேட்டுக்கு வெளியே நிற்க வைத்திருப்பேன். அவ்வளவு கேவலமான படம்.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு படத்தை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"இது நல்லாயிருக்குது கண்ணு. இதையே அனுப்பிச்சுரு."

"சரிங்கக்கா" என்றேன்.

சாப்பிட்டுவிட்டுக் கட்டுத்தாரைக்கு எதிரில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்கார்ந்தோம். மாடு சோளத்தட்டைத் தின்றுவிட்டு அசைபோட்டுக்கொண்டிருந்தது. பக்கத்துக் களத்தில் காயும் தேங்காய்ப் பருப்பின் வாசனை வந்தது. எங்கேயோ ஒரு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு என்ன கோளாறு என்று அன்றைக்கு நான் கவனிக்கவில்லை. வெயில் தாழ்ந்ததும் அக்கா எழுந்து போய்த் தண்ணீர் காட்டினாள். மாடு குடித்து முடித்துத் தலையைத் தூக்க, அவள் கை தானாக அதன் கழுத்துக்குப் போனது. அவளிடம் சொல்லாமல் அதை ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.

பின்பக்கத்துப் படம் வாட்ஸாப்பில் போய்ச் சேர்ந்தது. யாரும் விலை கேட்கவில்லை. ஒருவர் மட்டும், மாட்டுக்குச் சீக்கு ஏதாவது உண்டா என்று கேட்டாராம். அக்கா மகன் எனக்குப் போன் செய்து, சங்கடப்பட்டுக்கொண்டே, "மாமா, கோவிச்சுக்காதீங்க, கேமரா ரிப்பேருங்களா?" என்றான். "வயசாச்சு கண்ணு, கை நடுங்குது" என்றேன். என் கை நடுங்காது. அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு எவ்வளவு கசந்தது என்று மனைவியைக் கேட்டால் தெரியும். போனை வைத்ததிலிருந்து அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

சாயங்காலம் எடுத்த படத்தைப் பெரிதாகப் போட்டுக் கண்ணாடிச் சட்டத்தில் முன்னறைச் சுவரில் மாட்டினேன். மாட்டின் முகமும் கழுத்தும், ஓரத்தில் அந்தக் கையும். இந்தத் தடவை எதையும் வெட்டவில்லை. ஒருநாள் அக்கா மகன் தன் குழந்தையின் காதுகுத்துப் பத்திரிகை வைக்க, சொல்லாமல்கொள்ளாமல் வந்து நிற்பான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. உள்ளே வந்தவன் உட்காராமல் சுவருக்கு எதிரிலேயே நின்றுவிட்டான். நான் மனைவியைப் பார்த்தேன். காபி போடுகிற சாக்கில் அவள் நழுவிவிட்டாள்.

"இது யாரு மாடுங்க மாமா?"

"அது... காரமடைப் பக்கம் ஒரு தோட்டத்துல எடுத்தது கண்ணு."

"அப்படிங்களா" என்றான். ரொம்ப நேரம் அங்கேயே நின்றான். அந்த மாடு கன்றாக இருந்தபோது அதோடு ஓடி விளையாடியவன் அவன். "நல்ல மாடுங்க. இந்த மாட்டுக்காரங்க இதை விக்க மாட்டாங்க."

அப்புறம் உட்கார்ந்து காபி குடித்தான். பத்திரிகையைத் தட்டில் வைத்து எங்கள் இருவர் காலிலும் விழுந்தான். பேச்சுவாக்கில், கட்டுத்தாரைக்கு வழுக்காத கல் பரப்பச் சொல்லியிருப்பதாகவும், காலையும் மாலையும் கூட இருந்து வேலை செய்யப் பக்கத்துத் தோட்டத்து அம்மா ஒத்துக்கொண்டதாகவும் சொன்னான். நான் சரி சரி என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன். அவன் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே திரும்பினான்.

"மாமா, அடுத்த வாட்டி காரமடை போனீங்கன்னா, கையை மட்டும் எடுக்காதீங்க. அம்மாவையும் சேர்த்தே எடுங்க."