கிளித்தட்டில் அணு

வருடப்பிறப்புக்கு மறுநாள் எங்கள் குடியேற்றத்தில் நடந்த கிளித்தட்டுக்கு என்னை மத்தியஸ்தராகப் போட்டார்கள். அடி வாங்காமல் வீடு வந்து சேர்ந்தேன். அதுவே பெரிய காரியம்.

ஏன் என்னைப் பிடித்தார்கள்? அந்த விளையாட்டில் எனக்கு ஒரு மண்ணும் தெரியாது என்பதில் மேல் வாய்க்கால்காரரும் கீழ் வாய்க்கால்காரரும் ஒத்துப்போனார்கள். ஒன்றும் தெரியாதவன் ஒரு பக்கமும் சாயமாட்டானாம். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவனுக்கு ஊர் கொடுத்த நற்சான்றிதழ் இது.

ஆனால் அன்று கலகம் வந்ததற்கு விளையாட்டு காரணமில்லை. என் வாய்தான் காரணம்.

அதற்கு நாலு நாள் முன்பு தேத்தண்ணிக் கடையில் இருந்தேன். மேல் வாய்க்கால் அணித் தலைவர் இராசையா தன் கிளாஸைத் தான் இருந்த வாங்குப் பலகையில் 'டக்' என்று வைத்தார். எனக்கு அந்தக் கிழமை அணு பிடித்திருந்தது. சிலருக்குப் பேய் பிடிக்கும். எனக்குக் கடைசியாக வாசித்த புத்தகம் பிடிக்கும்.

"இராசையா, உந்தக் கிளாஸ் வாங்கிலை படேல்லை" என்றேன்.

"சத்தம் கேட்டதே, வாத்தியார்."

விட்டேனா? எல்லாப் பொருளும் அணுவால் ஆனது. அணுவின் வெளிப்புறத்தில் இலத்திரன்கள். ஒரு இலத்திரன் இன்னொரு இலத்திரனைக் கிட்ட வர விடாது, தள்ளும். கிளாஸின் இலத்திரன் வாங்கின் இலத்திரனைத் தள்ளுகிறது, வாங்கினுடையது கிளாஸினுடையதைத் தள்ளுகிறது. நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு இடைவெளி எப்போதும் உண்டு. அந்தத் தள்ளுதலைத்தான் நாங்கள் தொடுதல் என்று சொல்லிக்கொள்கிறோம்... இப்படி அரை மணித்தியாலம். தேநீர் ஆறிப்போனது.

அங்கே சபாபதியாரும் இருந்தார். கீழ் வாய்க்கால் அணியின் தலைவர். இரண்டு நேரம் குளிப்பவர், ஆசாரம் தவறாதவர். இரண்டாவது குளிப்புக்கும் முதலாவது குளிப்புக்கும் இடையில் திருநீறு அழிந்து யாரும் பார்த்ததில்லை.

"அப்ப நான் இப்ப உந்த வாங்கிலை இருக்கேல்லையோ?" என்று கேட்டார்.

"இல்லை. மிதக்கிறியள்."

எழும்பி, வாங்கை ஒருமுறை பார்த்துவிட்டு, மெதுவாகத் திரும்ப இருந்தார். "கலியாணத்திலை நான் மனிசியின்ரை கையைப் பிடிச்சது?"

"பிடிக்கேல்லை."

"முப்பது வருசமா எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது" என்றார்.

கடை சிரித்தது. அந்தச் சிரிப்புக்குள் வெளியிலிருந்து ஒரு குரல். "அப்ப ஒண்டும் ஒண்டிலை படாதோ, வாத்தியார்?"

கேட்டவர் செல்லையா. காணிப் பதிவில் செல்லையா. ஊர் வாயில் செல்லன். கடைக்கு வெளியே, வேலியோரம், தனக்கென்று வைத்திருக்கிற தகரப் பேணியில் தேநீர் குடித்துக்கொண்டு நின்றார். அவருடைய ஆட்கள் உள்ளே வருவதில்லை. அவர்களுக்குக் கிளாஸும் இல்லை.

"படாது" என்றேன், பெரிய ஆள்போல. யார் கேட்கிறார், எங்கே நின்று கேட்கிறார் என்பது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.

தீவகற்பத்திலிருந்து இந்தக் காட்டை வெட்ட வந்த நாளில் நாங்கள் எல்லோரும் ஒரே லொறியில்தான் வந்தோம். சபாபதியாரின் அரிசி மூட்டைக்கு மேல் செல்லையா, செல்லையாவின் தோளில் இராசையாவின் கால், எல்லோருக்கும் மேல் என் புத்தகப் பெட்டி. லொறிக்குள் தீட்டு இருக்கவில்லை. இறங்கிக் காணி பிரித்துக் கிணறு வெட்டியதும் எங்கிருந்தோ வந்துவிட்டது. எல்லோருக்கும் ஒரே அளவு வயல், ஒரே வாய்க்கால் தண்ணீர். ஆனால் விளையாட்டுத் திடலோரம் இருக்கிற பொதுக் கிணற்றில் மட்டும் செல்லையா வீட்டார் வாளி போடக் கூடாது. குடத்தோடு தள்ளி நிற்க வேண்டும். யாராவது வந்து அள்ளி ஊற்றினால் உண்டு. சித்திரை வெயிலில் அவருடைய மனைவி அப்படி நிற்பதை நான் சைக்கிளில் போகும்போதெல்லாம் கண்டிருக்கிறேன். கண்டுவிட்டு மிதித்துக்கொண்டு போயும் இருக்கிறேன்.

சரி, கதைக்கு வருகிறேன்.

மேல் வாய்க்கால் அணி மூன்று வருடம் தொடர்ந்து தோற்றிருந்தது. இராசையாவுக்கு ஓட ஒரு ஆள் வேண்டும். வயலுக்குள் புகுந்த பன்றியைச் செல்லையா துரத்தியதை அவர் ஒருநாள் பார்த்தார். பன்றி களைத்து நின்றுவிட்டதாம். உடனே என்னையும் இழுத்துக்கொண்டு செல்லையாவின் வயலுக்குப் போனார்.

"செல்லன், எங்கடை பக்கம் விளையாட வாறியோ?"

செல்லையா மண்வெட்டியை வரம்பில் வைத்தார். "வாறன், கமக்காரர். ஆனால் ஒரு சொல்லு வேணும். வெண்டாலும் தோத்தாலும் விளையாட்டு முடிய அந்தக் கிணத்திலை நானே வாளி போட்டு அள்ளிக் குடிப்பன். பிறகு என்ரை வீட்டுக்காரியும் அள்ளுவா."

இராசையாவுக்கும் மூன்று ஏக்கர், செல்லையாவுக்கும் மூன்று ஏக்கர். ஆனால் கமக்காரர் என்ற மரியாதைப் பெயர் ஒருவருக்கு மட்டும். அந்தக் கமக்காரர் தலையைச் சொறிந்தார். மூன்று வருடத் தோல்வி ஒரு பக்கம், கிணறு ஒரு பக்கம். கடைசியில் "ஓம், பாப்பம்" என்றார்.

"பாப்பம் வேண்டாம். வாத்தியார் சாட்சி."

"ஓம்" என்றார் இராசையா. நானும் தலையை ஆட்டினேன். தலையாட்டுவதற்குத் தைரியம் தேவையில்லை.

கிளித்தட்டு உங்களுக்குத் தெரியாததல்ல. கொழும்பிலிருந்து வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். நிலத்தில் கோடுகள், ஒவ்வொரு கோட்டிலும் மறிக்க ஒருவர். மறுகரை போய்ப் பிடிபடாமல் திரும்பி வந்தால் ஒரு பழம். மறிப்பவர் கை ஒருவரில் பட்டாலும் போதும், முழு அணியும் வெளியே. எல்லாம் தொடுவதில்தான் இருக்கிறது.

செல்லையா இறங்கினார். முதல் கோட்டில் நின்றவர் கையை நீட்டிக்கொண்டு பாய்ந்தார். பாதி வழியில் ஞாபகம் வந்தது. நெருப்பைக் கண்டதுபோலக் கையை இழுத்துக்கொண்டார். செல்லையா தாண்டினார். இரண்டாவது கோடு... அவரும் இழுத்துக்கொண்டார். மூன்றாவது கோட்டில் நின்றவர் ஒரேயடியாக விலகி வழிவிட்டார், தேர் வருவதுபோல.

ஒரு பழம். இரண்டு பழம். மூன்றாவதற்குச் செல்லையா ஓடவே இல்லை. நடந்து போய் நடந்து வந்தார். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. இராசையா துள்ளினார். ஆசாரம் எதிரணிக்கு ஆடும் என்று சபாபதியார் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

சிரிக்காதவர் ஒருவர்தான். நாலாவது முறை போகும்போது நடுத் தட்டில் செல்லையா நின்றுவிட்டார்.

"மறியுங்கோ" என்றார். "நான் ஓட வந்தனான். நடக்க வரேல்லை."

அதில் கோபம் இருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. நானும் அதுவரை சிரித்துக்கொண்டுதான் நின்றேன்.

சபாபதியார் நேரே என்னிடம் வந்தார். "வாத்தியார், அண்டைக்குக் கடையிலை ஒண்டும் ஒண்டிலை படாது எண்டு சொன்னியள். மெய்யோ?"

"மெய்தான்."

"அப்ப தொட்டாலும் தொடேல்லை."

"விஞ்ஞானப்படி... ஓம்."

"அப்ப தீட்டும் இல்லை."

"இல்லை" என்றேன். எனக்குப் புல்லரித்தது. எத்தனை பேர் எத்தனை மேடையில் பேசியும் அசையாத மனிதர் ஒரு இலத்திரனால் அசைந்துவிட்டாரே!

சபாபதியார் தன் ஆட்களிடம் திரும்பினார். "தொடலாமாம். வாத்தியார் சொல்லுறார்."

அதற்குப் பிறகுதான் விளையாட்டு. செல்லையா உண்மையாகவே ஓடினார். குனிந்தார், வளைந்தார், ஒரு பக்கம் காட்டி மறுபக்கம் பாய்ந்தார். மூன்று கோடு தாண்டினார். கடைசிக் கோட்டில் சபாபதியார். அவர் முழு உடம்பாலும் எட்டி, செல்லையாவின் முதுகில் வைத்தார் ஒன்று. அந்தச் சத்தம் வாய்க்காலின் அந்தப் பக்கம் கேட்டது.

"அவுட்" என்றார் சபாபதியார்.

"எப்பிடி அவுட்?" இராசையா பாய்ந்து வந்தார். "ஒண்டும் ஒண்டிலை படாதெண்டு இப்பத்தானே வாத்தியார் சொன்னவர். படேல்லையெண்டால் அவுட் இல்லை."

"பட்டது. சத்தம் கேட்டதுதானே."

"பட்டதெண்டால் போய்க் குளியுங்கோ."

இப்போது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பட்டது என்றால் தீட்டு. படவில்லை என்றால் பழம். விஞ்ஞானம் படவில்லை என்கிறது, முதுகு சிவந்திருக்கிறது. இதற்கு எந்தப் புத்தகத்தில் விடை இருக்கிறது? கடைசியில், வழக்குக்குச் சொந்தக்காரரிடமே போனேன்.

"செல்லையா, நீங்கள் சொல்லுங்கோ. பட்டதோ?"

படவில்லை என்று ஒரு சொல் சொன்னால் அவர் அணி வெல்லும். இராசையா கண்ணால் கெஞ்சினார். செல்லையா கையைப் பின்னால் கொண்டுபோய் முதுகைத் தடவினார்.

"பட்டது, வாத்தியார். நல்லாப் பட்டது. அவர் தொட்டவர், நான் அவுட்."

சபாபதியார் தன் உள்ளங்கையைப் பார்த்தார். குளிக்கப் போனால் அணியில் ஒரு ஆள் குறையும். அவர் போகவில்லை. கையைச் சால்வையில் துடைத்துவிட்டு விளையாடினார். தங்கள் முறையில் கீழ் வாய்க்கால் நாலு பழம் எடுத்தது; மேல் வாய்க்கால் ஒரு பழத்தால் நாலாவது வருடமும் தோற்றது.

ஆனால் செல்லையாவுக்கு விளையாட்டு முடிந்திருக்கவில்லை. அவர் கிணற்றடிக்குப் போனார். இராசையா ஓடிவந்து முன்னால் நின்றார்.

"பொறு, செல்லன். நான் அள்ளித் தாறன்."

"நான் அள்ளுறன் எண்டுதானே கதை."

"இஞ்சை பார், வாத்தியார் சொன்னவர்தானே. நீ அள்ளினாலும் உன்ரை கை வாளியிலை படப் போறேல்லை. நான் அள்ளினாலும் படப் போறேல்லை. எல்லாம் ஒண்டுதான்."

என் அணுவை என் கண்முன்னாலேயே திருடி எதற்குப் பாவிக்கிறார் பாருங்கள்.

"ஒண்டெண்டால் நான் அள்ளுறன்" என்றார் செல்லையா.

இராசையா என் பக்கம் திரும்பினார். "வாத்தியார், நீங்கள் சொல்லுங்கோ" என்று என்னிடம் தள்ளிவிட்டார். சாட்சி நான். இரண்டு அணி, அவர்களுடைய பெண்சாதி பிள்ளைகள், என்னிடம் பிள்ளைகளைப் படிக்க அனுப்புகிற தகப்பன்மார், எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த இடத்தில் இடிபோல முழங்கினேன் என்று எழுத எனக்கும் ஆசைதான்.

"வெயில் கடுமையாக் கிடக்கு" என்றேன்.

செல்லையா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. பிறகு இராசையாவைச் சுற்றிக்கொண்டு கயிற்றை நோக்கி நடந்தார்.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். ஒருவரும் அவரைத் தடுக்கவில்லை. ஏன்? தடுப்பதென்றால் பிடிக்க வேண்டும். பிடிப்பதென்றால் தொட வேண்டும். இராசையா கையை நீட்டினார், இழுத்துக்கொண்டார். கோட்டில் நின்றவர்களைப் போலவே. சபாபதியார் தொட்டவர்தான், ஆனால் அவர் அந்த வேளையில் தன் கையைக் கழுவ வாய்க்காலுக்குப் போயிருந்தார்.

வாளி இறங்கியது. ஏறியது. செல்லையா குடித்தார். ஆறுதலாக, ஒரு வாளி முழுக்க. இன்னொரு வாளி அள்ளி முதுகில் ஊற்றினார். மூன்றாவதை அள்ளிக் கிணற்றுக்கட்டின் மேல் வைத்துவிட்டு, "ஆருக்கும் வேணுமோ?" என்று கேட்டார். முப்பது பேருக்குத் தொண்டை காய்ந்திருந்தது. முப்பது பேரும் வேறு எங்கோ பார்த்தார்கள்.

நான் போனேன். தைரியம் என்று நினைக்காதீர்கள், வெட்கம். குனிந்து கையை ஏந்தினேன். அவர் ஊற்றினார். குடித்தேன்.

வீட்டுக்கு வரும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்திருந்தது. படலையில் மனைவி நின்றா. செய்தி எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது.

"அவன் அள்ளின தண்ணி குடிச்சனியளாம். வெளியிலை குளிச்சிட்டு உள்ளை வாங்கோ."

அணுவைப் பற்றிக் கால் மணித்தியாலம் விளக்கினேன். இலத்திரன் எப்படித் தள்ளும் என்று சொன்னேன். அவா பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரு வாளியையும் மாற்றி உடுக்க ஒரு சாரத்தையும் வாசலில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டா. நான் குளித்தேன். புழுதிக்காகத்தான் குளித்தேன் என்று இங்கே எழுதலாம். ஆனால் செல்லையா என்னுடைய இந்தப் பத்திரிகைப் பத்தியை வாசிப்பவர்.

மறுநாள் விடிய, ஊர்ப் பெரியவர்கள் கூடி, மஞ்சளைக் கரைத்துக் கிணற்றுக்குள் ஊற்றி, தீட்டுக் கழித்தார்கள். அவர்கள் திரும்பி நடந்து வாய்க்கால் பாலம் ஏறுவதற்குள் செல்லையாவின் மனைவி குடத்தோடு வந்து வாளியை இறக்கினா. பின்னேரம் மறுபடி மஞ்சள். அவா மறுபடி வந்தா. அடுத்த நாளும் அப்படி. தடுக்க ஒருவரும் கிட்டப் போகவில்லை; தொட வேண்டி வருமே.

முந்தாநாள் கூட்டுறவுக் கடையில் மஞ்சள் முடிந்துவிட்டது. கிணற்றில் தண்ணீர் முடியவில்லை.