ஐந்தாவது பாட்டில் எங்கள் கோட்

எழுபத்து நான்கு வயது மனிதர் ஒருவரின் இசைத்தட்டுகள் மூன்றை, கடைக்காரர் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, நத்தார்ப் பாட்டுகள் அடுக்கியிருந்த பெட்டியின் அடியில் ஒளித்து வைத்தவன் நான். அது மே மாதம். டிசம்பரில் நத்தார் நெருங்கும்வரை அந்தப் பெட்டியை யாரும் கிளறமாட்டார்கள் என்று தெரிந்தே செய்தேன். எனக்கு வயது ஐம்பத்தெட்டு.

இசைத்தட்டுக்கு உரியவர் எங்கள் கட்டடத்தில் எங்களுக்கு இரண்டு மாடி கீழே குடியிருப்பவர். ஒஷாவாவுக்கு அப்பால் ஒரு மாட்டுப் பண்ணையில் பிறந்து, ஐம்பது வருடங்களாகத் தானே எழுதித் தானே பாடி வருகிறார். கௌபோய் தொப்பிக்காரர்களின் பாட்டும் அமெரிக்கக் கிராமங்களின் பழைய பாட்டும் கலந்த அந்த வகைக்கு அமெரிக்கானா என்று பெயராம். கனடாக்காரர் ஒருவர் அதைப் பாடலாமா என்று மனைவியிடம் கேட்டேன்.

"ஸ்காபுறோவிலை இருந்துகொண்டு நீங்கள் நல்லூரைப் பற்றிக் கதை எழுதேல்லையே?" என்றாள்.

இசைத்தட்டை முதலில் கேட்டது அவளுடைய காரில். பிறம்ரனில் இருக்கும் அவளுடைய தங்கை வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். அவள்தான் ஓட்டினாள். முதல் நான்கு பாட்டுகளையும் பொறுத்துக்கொண்டேன். ஒரு பழைய ட்றக், செத்துப்போன நாய், மழை பொய்த்த கோடை, மறுபடி ஒரு ட்றக். பின்னால் ஸ்டீல் கிற்றார் என்று ஒன்று, அழத் தொடங்கப்போகிறவர் மூக்கை உறிஞ்சுவதுபோல இழுத்துக்கொண்டே வந்தது. குரல் மட்டும் நன்றாக இருந்தது. சரளைக் கல்லில் வண்டி போவதுபோன்ற குரல். எனக்கு அது பிடிக்கவில்லை.

ஐந்தாவது பாட்டில் ஒரு புருஷனும் பெண்சாதியும் வந்தார்கள். இருவருக்கும் சேர்த்துக் கோட் ஒன்றுதான் இருந்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அது எங்கள் கோட்.

முப்பது வருடங்களுக்கு முன் சென் ஜேம்ஸ் ரவுணில் பதினேழாம் மாடியில் இருந்தோம். குளிரைத் தாங்கும் கோட் எங்களிடம் ஒன்றே ஒன்று, தேவாலயம் ஒன்றில் கொடுத்தது. மண்ணிறம், எனக்கே பெரிது. விடிய அதைப் போட்டுக்கொண்டு நான் பேக்கரி வேலைக்குப் போவேன். அவளுக்குப் பின்னேர வேலை. மூன்று மணிக்கு நான் சப்வே ரெயிலில் வந்து இறங்கும்போது, அவள் இரண்டு ஸ்வெற்றர்களோடு பிளாற்ஃபோமில் நிற்பாள். நான் கோட்டைக் கழற்றிக் கொடுப்பேன். அவள் மேலே போட்ட ஸ்வெற்றரைக் கழற்றித் தருவாள். நான் அதை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடுவேன். அந்தக் குளிர்காலம் முழுவதும் எங்கள் தாம்பத்தியம் பெரும்பாலும் அந்தப் பிளாற்ஃபோமில்தான் நடந்தது.

இதை நாவலாக்க இருபது வருடங்களாக முயல்கிறேன். முதல் அத்தியாயத்தைப் பதினொரு தடவை எழுதியாயிற்று. கடைசியாக எழுதியதில் கதாநாயகன் இன்னும் விமானத்தை விட்டு இறங்கவில்லை. அந்த மனிதரோ விஷயத்தை மூன்று நிமிடம் நாற்பது செக்கனில் முடித்துவிட்டார். சப்வேயை ரெக்சஸில் ஒரு ரெயில் நிலையம் ஆக்கியிருந்தார். பேக்கரி குதிரைப் பண்ணையாகியிருந்தது. தேவாலயத்துக் கோட்டுக்கு ஆட்டுத்தோல். ஆனால் உள்ளே நின்றது நாங்கள்தான்.

"இது என்ரை கதை" என்றேன்.

"எங்கடை" என்றாள் மனைவி, சிக்னலைப் போட்டபடி.

"மனுசன் களவெடுத்திட்டார்."

"வடிவாய்த்தானே பாடுறார். பேசாமல் கேளுங்கோ."

கடைசிச் சரணத்தில் ரெயில் வருகிறது. பெண்சாதி அதில் ஏறவில்லை. கோட்டுக்குள் நின்றபடி, மெல்லிய ஸ்வெற்றரோடு படியேறும் புருஷனின் சப்பாத்து மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அடுத்த ரெயிலில் போகிறாள். பதினொரு பிரதியிலும் இந்த இடம் இல்லை. நான் ஒருநாளும் திரும்பிப் பார்த்தவனல்ல.

அன்றிலிருந்து காரில் வேறு பாட்டு இல்லை. கதை அவரிடம் போன வழி எனக்குத் தெரியும் என்று நம்பினேன். போன மாரிக் குளிரில் எலிவேற்றர் இடையில் நின்றுவிட்டது. உள்ளே நானும் அவரும் இருபது நிமிடம் மாட்டிக்கொண்டோம். அப்போது என் வாழ்க்கையைச் சொல்லியிருந்தேன். கடைசிச் சரணம் அவருடைய கற்பனையாக இருக்கவேண்டும். கற்பனை என்னுடையதைவிட நன்றாக இருந்ததுதான் மேலும் எரிந்தது.

இந்த மனநிலையில்தான் இசைத்தட்டுக் கடைக்குப் போனேன். அவருடையது வாசலிலேயே, கடைக்காரரே கைப்பட எழுதிய பாராட்டு அட்டையோடு நின்றது. என் கடைசிப் புத்தகம் ஒரு தமிழ்க் கடையில் ஒடியல்மாப் பைகளுக்குப் பின்னால் கிடந்தது. அதை நான்தான் எடுத்து முன்னால் வைத்துவிட்டு வந்தேன். ஆகவே இந்த வேலையில் எனக்கு முன் அனுபவம் இருந்தது.

ஒளித்துவிட்டு வீடு திரும்பினால் எலிவேற்றரில் அவரே நிற்கிறார். காலில் கௌபோய் சப்பாத்து, கையில் தோய்த்த உடுப்புக் கூடை.

இசைத்தட்டு எப்படி என்று கேட்டார்.

"ஐந்தாவது பாட்டு கொஞ்சம் நீளம்" என்றேன்.

அவர் அதை உண்மையாகவே யோசித்தார். ஒரு சரணத்தை வெட்டியிருக்கலாம் என்று ஒப்புக்கொண்டார். நல்ல மனிதர்கள்மேல் பொறாமைப்படுவது மிகவும் சிரமம்.

"நான் இதே எலிவேற்றரில் உங்களுக்குச் சொன்ன கதைதானே?" என்றேன்.

அவர் முகத்தில் சங்கடம் தெரிந்தது. "சொல்லத் தொடங்கினீர்கள். உங்கள் விமானம் இறங்குவதற்குள் எலிவேற்றர் சரியாகிவிட்டது. கோட்டைப் பற்றி உங்கள் மனைவிதான் சொன்னார், கீழே உடுப்புத் தோய்க்கும் லோன்றியில். அந்தக் கடைசிச் சரணத்து ரெயிலையும் அவர்தான் சொன்னார்."

அவர் இறங்கிப் போனார். மிச்சம் இரண்டு மாடிக்குள் என் பொறாமை ஆள் மாறிவிட்டது. பாட்டு அவரோடு போகட்டும். முப்பது வருடமாக எனக்குச் சொல்லாத ஒன்றை, உடுப்பு காயும் நேரத்தில் ஒரு கௌபோய் சப்பாத்துக்காரருக்குச் சொல்லியிருக்கிறாள். அதே நேரம், சொல்ல வெட்கமாக இருக்கிறது, கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. நான் படியேறுவதை ஒருத்தி பார்த்து நின்றிருக்கிறாள். நாளைக்கே போய் அந்த மூன்று இசைத்தட்டுகளையும் முன்னால் எடுத்து வைக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டு கதவைத் திறந்தேன்.

அவள் கட்டிலில் உட்கார்ந்து காலுறைகளைச் சோடி சேர்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெயிலை விட்டுப்போட்டு நான் படியேறுறதைப் பாத்துக்கொண்டு நிண்டனீராம்."

"ஓம், நிண்டனான்."

"ஒவ்வொரு நாளுமோ?"

"கிட்டத்தட்ட."

"இவ்வளவு காலமும் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே நீர்."

அவள் சோடியில்லாத ஒரு காலுறையைத் தூக்கிப் பார்த்தாள்.

"உதிலை சொல்ல என்னப்பா கிடக்கு? மூண்டு மணி ரெயில் பள்ளிக்கூடப் பெடியளாலை நிரம்பி வரும், இருக்க இடம் கிடையாது. அடுத்தது வெறுமையாய் வரும். அது வருமட்டும் எங்கையாவது பாத்துக்கொண்டு நிக்கத்தானே வேணும்."