ஒரு காய்ச்சல், ஏழு அண்ணாச்சிமார்

மருந்துக்கடையில் மாத்திரையை எண்ணிக் காகிதத்தில் மடித்துக் கொடுக்க அரை நிமிஷம் போதும். அதை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று வாங்குகிறவர் மண்டையில் ஏற்றுவதற்குள் நம் பிராணன் போய்விடும். கவுண்டருக்குப் பின்னால் நின்று தொண்டை வற்றியவர்கள் உங்களில் யாராவது இருந்தால், மேலே விளக்கவே வேண்டாம்.

அறுபதுகளில் தாராவிக்கும் மாதுங்காவுக்கும் நடுவே ஒரு சேட்டின் கடையில் நான் நின்றேன். காய்ச்சலா, தலைவலியா, உடம்புவலியா, எல்லாவற்றுக்கும் ஆஸ்பிரின்தான். பெரிய டப்பாவிலிருந்து உதிரியாக எண்ணிக் கொடுப்போம். பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அடுத்ததற்கு நாலு மணி நேரமாவது பொறுக்க வேண்டும். வெறும் வயிற்றில் போடக் கூடாது. ஒரு நாளைக்கு எட்டோடு நிறுத்த வேண்டும். இதைத்தான் வருஷக்கணக்காகக் கத்தினேன். ஒழுங்காகக் கத்தாமல் விட்ட ஒரு தடவை, ஒருத்தன் செத்துப் பிழைத்தான். அதற்கு வருகிறேன்.

சங்கு

எங்கள் வட்டாரத்தில் கடிகாரம் உள்ள வீடு அபூர்வம். பக்கத்து ரயில்வே வொர்க்‌ஷாப் சங்குதான் மணி. ‘நாலு மணி நேரம்’ என்றால் முழிக்கிறார்களே என்று நானே ஒரு யுக்தி கண்டுபிடித்தேன். சண்முகக்கனி என்று ஒரு பெண், புருஷனுக்குக் காய்ச்சல் என்று வந்தாள். “சங்கு ஊதும்போது ரெண்டு குடும்மா, சாப்பிட்ட பெறவு குடு” என்றேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

காலையில் எழுப்ப ஒரு சங்கு, கிளப்ப ஒரு சங்கு, கேட்டைச் சாத்த ஒரு சங்கு என்று ஒரு மணி நேரத்துக்குள் மூன்று ஊதுவார்கள் என்பது என் மூளைக்கு எட்டவில்லை. அவள் மூன்றுக்கும் இரண்டிரண்டாகக் கொடுத்துவிட்டு, “மாத்திரை தீந்துட்டு” என்று மறுநாள் ஒன்பது மணிக்கு வந்து நின்றாள். ஆஸ்பிரின் அளவு மிஞ்சினால் முதலில் காதுதான் இரையும். இனி ஒன்றுகூடக் கூடாது, உடனே டாக்டரிடம் காட்டு என்று விரட்டினேன். நல்லவேளை, அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு நாள் கழித்துத் தானே வந்து என்னை முறைத்துவிட்டுப் போனான். ஆனால் அன்று காலை அவள் சொன்னதை நான் மறக்கவில்லை: “சங்கு நின்னு எம்புட்டு நேரமாச்சு அண்ணாச்சி, அவிய காதுல மட்டும் இன்னும் ஊதிக்கிட்டே இருக்காம்!”

இரண்டு டப்பா

படிக்காதவர்கள்தான் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். மாதுங்காவிலிருந்து கிருஷ்ணமூர்த்தி என்று ஒருவர் வருவார். கோட்டைப் பக்கம் ஆபீஸில் ஹெட் கிளார்க். வரிசையில் நிற்கும்போதே, சொன்னதைக் காதில் வாங்காதவர்களைப் பற்றி எனக்கு ஒரு பிரசங்கம் செய்வார். ஒரு நாள் வயிறு பற்றி எரிகிறது, மருந்து கொடு என்று வந்தார்.

வேறென்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். பையிலிருந்து இரண்டு டப்பாக்களை எடுத்து வைத்தார். இரண்டும் வேறு வேறு பெயர், வேறு வேறு நிறம். ஒரு வாரமாக இரண்டிலிருந்தும் மூன்று வேளை, அதுவும் காலையில் வெறும் காபியோடு. பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்துக் காட்டினேன். இரண்டிலும் ஆஸ்பிரின். மனுஷர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு படித்தார். “தலைவலிக்கு ஒண்ணு, ஒடம்புவலிக்கு ஒண்ணுன்னு பிரிச்சுன்னா வெச்சிண்டிருந்தேன்! ரெண்டும் ஒரே வயித்துலதான் போய்ச் சேரப்போறதுன்னு யாராவது சொன்னேளா?”

எட்டுப் பேர் ரூம்

இனி சுடலைமுத்து விஷயம். இருபது வயசு. தோல் கிடங்கில் வேலை. திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள் எட்டுப் பேர் சேர்ந்து எடுத்த ஒரு ரூமில் அவன்தான் இளையவன். எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் படுக்க அங்கே இடம் கிடையாது. முதல் ஷிப்டுக்காரன் எழுந்து போன பாயில் ராத்திரி ஷிப்டுக்காரன் வந்து விழுவான். ஒருத்தரை ஒருத்தர் ஞாயிற்றுக்கிழமைதான் முழுசாகப் பார்ப்பார்கள்.

ஒரு நாள் மூன்று மணிக்கு, ஷிப்டு முடிந்து வந்த மூக்கையாவும், ஷிப்டுக்குக் கிளம்பிய பரமசிவமும் என் கடை வாசலில் எதிர்ப்பட்டார்கள். பரமசிவம்தான் அந்த ரூமில் மூத்தவர். மூக்கையா, “சுடலைக்கு இன்னும் காய்ச்ச விடல, மாத்திரை குடுங்க” என்றான். பரமசிவம், “நான் இப்பதாம்லே குடுத்துட்டு வாரேன்” என்றார். இரண்டு நாளில் இவர்கள் ரெண்டு பேர் மட்டுமில்லை, அந்த ரூம் ஆட்கள் இன்னும் மூன்று பேருக்கு நான் பொட்டலம் மடித்துக் கொடுத்திருக்கிறேன். கூட்டத்தில், யாருக்கு என்று ஒருத்தரிடமும் கேட்கவில்லை. வேறு யார் யார் கொடுத்தார்கள் என்று கத்தினேன். மூக்கையா விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு முகம் வெளுத்துச் சொன்னான்: “குடுக்காத ஆளுன்னு எங்க ரூம்ல யாருமே இல்லையே அண்ணாச்சி!”

எத்தனை?

ஓடிப் போய்ப் பார்த்தோம். சுடலைமுத்து மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கிக்கொண்டு, வேர்வையில் நனைந்து, வாந்திக்கு நடுவே கிடந்தான். கூப்பிட்டால் பதில் இல்லை. டாக்ஸியில் தூக்கிப் போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். குழாய் போட்டு வயிற்றைக் கழுவி, சலைன் ஏற்ற ஆரம்பித்தார்கள். டாக்டர் வெளியே வந்து ஒரே கேள்வி கேட்டார்: எத்தனை மாத்திரை? சாயங்காலத்துக்குள் ஏழு பேரும் வராந்தாவுக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். ஒவ்வொருத்தரும் “ரெண்டே ரெண்டு” என்றார்கள். போலீஸ் வரும் என்ற பயம். பதினாலு என்று டாக்டரிடம் சொன்னேன். இந்த நிலைமைக்குப் பதினாலு போதாது, பொய் சொல்லாமல் கேட்டுக்கொண்டு வா, அவனுக்குத்தான் ஆபத்து என்று அவர் சீறினார்.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. அதைவிட வெட்கம் பொங்கியது. “நானும் கேட்காமத்தான் குடுத்தேன், என் தலைக்கும் சேர்த்துத்தான் கேட்குதேன், உள்ளதைச் சொல்லுங்கய்யா!” என்றேன். கடைசியில் பரமசிவம் வாய் திறந்ததும்தான் மற்றவர்களும் ஒவ்வொருவராகத் திருத்திச் சொன்னார்கள். மொத்தம் முப்பத்தொன்று வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதபடி அந்த மனுஷர் சொன்னது இது: “ரெண்டுன்னது பொய்யி. நேத்து நாலு, இன்னிக்கு நாலு. கூடக் குடுத்தா வெரசா எந்திரிச்சிருவாம்னு நெனச்சேன். எழுதிக்கிடச் சொல்லுங்க அண்ணாச்சி, எட்டு.”

சுடலைமுத்து சொன்னது

மூன்றாம் நாள் கண் விழித்தான். மூன்று வாரம் கழித்து, சட்டை தொளதொளக்க என் கடைக்கு வந்தான். அதற்குள் அந்த ரூமில் நான் சட்டம் போட்டிருந்தேன்: யாருக்குக் காய்ச்சல் என்றாலும் பொட்டலம் ஒருத்தர் கையில்தான், கொடுத்ததும் சுவரில் கரியால் ஒரு கோடு, கோட்டைப் பார்க்காமல் எவனும் மாத்திரையைத் தொடக் கூடாது.

அவனைக் கண்டதும் சந்தோஷம் ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். “ஏலே, அவங்களுக்குத்தான் ஒருத்தர் குடுத்தது ஒருத்தருக்குத் தெரியாது. முழுங்கினவன் நீ. உனக்குத் தெரியும்லா? வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொன்னா என்ன?” என்று பிடித்துக்கொண்டேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: “ஷிப்டு முடிஞ்சு கண்ணு செவந்து வாராவ. சாப்பிடக்கூட செய்யாம நேரா எங்கிட்ட வந்து, ஒரு கையில மாத்திரையும் ஒரு கையில தண்ணியுமா நீட்டுதாவ. இப்பதான் தின்னேன்னு சொன்னா அவிய மொகம் வாடிருமே அண்ணாச்சி!”

அன்று முதல், காய்ச்சலுக்கு மாத்திரை கேட்டு யார் வந்தாலும், எத்தனை டிகிரி என்று கேட்பதற்கு முன்னால், வீட்டில் நல்லவர்கள் எத்தனை பேர் என்றுதான் நான் கேட்கிறேன்.