கோளாறு குழாயிலா, என் கையிலா?

இரண்டு வருடத்துக்கு முன்பு, தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்த சமயம், பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் வாடகை ஃபிளாட்டில் நடந்தது இது. எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. பக்கத்துத் தெருவில் ஒரு மசாஜ் கடையில் வேலை செய்கிறேன். என் கணவருக்கும் பார்வை இல்லை. எங்கள் மகளுக்குக் கண் நன்றாகத் தெரியும், வாய் அதைவிட நன்றாகப் பேசும். அப்போது அவள் பாலர் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

ஒருநாள் காலை குளிக்கப் போய் வாட்டர் ஹீட்டரைப் போட்டுக் குழாயைத் திருப்பினேன். விரல் நுனியில் எறும்பு ஊர்வதுபோல் ஒரு கூச்சம். கையை எடுத்தால் இல்லை, வைத்தால் மறுபடியும். மறுநாளும் அப்படித்தான். கணவரிடம் சொன்னேன். அவர் போய்ப் பிடித்துப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் தெரியலலா. நீ ரொம்ப யோசிக்கிற" என்றார். மனிதர் பாத்ரூமுக்குள் ரப்பர் சிலிப்பர் இல்லாமல் கால் வைக்க மாட்டார். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது எங்கள் இருவருக்குமே தெரியாது.

வீட்டு ஓனர் ஓர் ஆளை அனுப்பினார். கரண்டு கசிந்தால் தானாக விழுந்துவிடும் பாதுகாப்பு சுவிட்ச் ஒன்று மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்குமே, அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அவர் அமுக்கினார். டப்பென்று விழுந்தது, ஃபேன் நின்றது. "பார்த்தீங்களா ஆன்டி, எல்லாம் ஓகே" என்று கிளம்பிவிட்டார்.

குழாயில் குறை இல்லையென்றால் என்னிடம்தானே? கிளினிக்கில் டாக்டர் என் வேலையைக் கேட்டார். வருடக்கணக்காக அமுக்கி அமுக்கி நரம்பு பலவீனமாகியிருக்கலாம் என்று மாத்திரை கொடுத்தார். அன்றுதான் எனக்குப் பயம் வந்தது. கண் தெரியாதவர்களுக்கு விரலில் கண் என்று ஆளாளுக்குச் சொல்வார்கள், எனக்கு அந்தப் பேச்சே ஆகாது. என் விரலில் இருப்பது வெறும் தைலம்தான். ஆனால் அந்த விரல் போனால் என் பிழைப்பும் போச்சு. கடையில் ஒவ்வொருவர் தோளிலும் கை வைக்கும்போது கூசுகிறதா, கூசுகிறதா என்றே மனம் தேடும். முருகா, கோளாறு அந்தக் குழாயிலேயே இருக்கட்டும் என்று தினமும் வேண்டிக்கொண்டேன்.

என் புலம்பலைக் கேட்ட ஒரு வாடிக்கையாளர், கிள்ளானிலிருந்து தனக்குத் தெரிந்த வயர்மேனை வரச் சொன்னார். நல்ல மனிதர். எதைத் தொட்டாலும் எனக்குச் சொல்லிவிட்டே தொட்டார். அவரிடம் ஒரு மீட்டர் இருந்தது. வேண்டுமென்றே கொஞ்சம் கரண்டைக் கசியவிட்டு, அந்த சுவிட்ச் எவ்வளவு நேரத்தில் விழுகிறது என்று பார்க்கும் மீட்டராம். மீட்டர் பெட்டியில் வைத்துப் பார்த்தார். டப்!

"கண் இமைக்கிற நேரத்துக்குள்ள விழுதுக்கா. சுவிட்ச் அருமையா இருக்கு."

"கண் இமைக்கிற நேரம் எனக்கு எங்கே தம்பி தெரியும்?" என்றேன். சிரித்துச் சொன்னேனே தவிர உள்ளுக்குள் அழுகை. இவருடைய மீட்டரும் என்னைக் கைவிட்டுவிட்டதே!

பையை மூடப் போகிறார் என்றே நினைத்தேன். அவர் மூடவில்லை. "அக்காவுக்குக் கூசுதுன்னா கூசுதுதான். அங்கேயே போய்ப் பார்த்துடுவோம்" என்று பாத்ரூமுக்குள் போனார். ஹீட்டரைத் திறந்து அங்கே மீட்டரை மாட்டினார். டப் சத்தம் வரவில்லை, ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்தது. மீட்டரின் வயரில் கோளாறோ என்று வேறு வயர் மாற்றினார். அப்போதும் இல்லை. திரும்ப மீட்டர் பெட்டிக்குப் போனார், டப். மறுபடி பாத்ரூம், ஒன்றுமில்லை. ஏணி போட்டுக் கூரைப் பலகையை நகர்த்தும் சத்தம் கேட்டது.

"அக்கா, எர்த் வயர் மேல வெட்டுப்பட்டுத் தொங்குது. சீலிங் மாத்தினவங்க திரும்பச் சேர்க்கவே இல்ல. ஹீட்டர்ல கசியிற கரண்டுக்குப் போக வழி இல்ல. சுவிட்ச் விழும்தான், ஆனா ஆளை அடிச்சிட்டுத்தான் விழும்."

எனக்கு வந்தது என்ன தெரியுமா? சிரிப்பு! "அப்போ என் கைக்கு ஒண்ணுமில்ல!" என்று சத்தம் போட்டுச் சொன்னேன். கணவர் ஹாலிலிருந்து ஓடி வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

அப்போது வயர்மேன் மெதுவாகக் கேட்டார். "இந்த பிளாஸ்டிக் ஸ்டூல்ல நின்னுதான் பாப்பா குளிக்குதாக்கா?"

ஆமாம் என்றேன். குழாய் எட்டாது என்று நாங்கள் வாங்கிக் கொடுத்தது. நான் வளர்ந்துட்டேன், ஸ்டூல் வேணாம் என்று அந்த வாரம் முழுக்க அவள் அடம்பிடித்துக்கொண்டிருந்தாள். சரி, தீபாவளியோடு தூக்கிப்போடுவோம் என்று நானும் சொல்லியிருந்தேன்.

"நல்ல வேளைக்கா, பிளாஸ்டிக்ல கரண்டு பாயாது. வெறுங்காலோட ஈரத்தரையில நின்னு குழாயைப் பிடிச்சிருந்தா..." என்றார்.

கோளாறு குழாயில் இருக்கட்டும் என்றுதானே வேண்டினேன், பலித்துவிட்டது. பாத்ரூம் வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். அந்த மனிதர் வந்து, "ஹீட்டரை ஆஃப் பண்றேன், சத்தம் கேளுங்கக்கா" என்று சுவிட்சைத் தட்டிக் காட்டினார். அதுவே எனக்குப் போதுமாயிருந்தது.

எர்த் வயரைச் சேர்த்துவிட்டு மறுபடி பாத்ரூமில் சோதித்தார். டப்பென்று விழுந்தது. அதைக் கேட்டு நாங்கள் மூவரும் ஒன்றாகச் சிரித்தோம். ஓனர் வாங்கிக் கொடுத்த புது ஹீட்டரையும் பிறகு அவரே வந்து மாட்டினார். மீட்டரில் எல்லாம் சரி என்று பார்த்த பின்பும், செருப்பைக் கழற்றிவிட்டு, ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று, "முதல்ல நான் பிடிக்கிறேன்" என்று குழாயைப் பிடித்தார். பிறகுதான் என்னைக் கூப்பிட்டார். தடவிப் போன என் கை முதலில் அவர் கைமேல் பட்டது, அப்புறம் குழாயில். வெதுவெதுப்பான தண்ணீர், வேறொன்றும் இல்லை.

இப்போதும் கடையில் யாராவது வலிக்கிறது என்று சொல்லி, அந்த இடத்தில் என் விரலுக்கு ஒன்றும் தட்டுப்படாவிட்டால், 'இங்கே ஒண்ணுமில்லையே' என்று சொல்ல வாய் வரும். அப்படியே விழுங்கிக்கொண்டு, "எங்க வலிக்குது, இன்னொரு தடவை காட்டுங்க" என்று கேட்டு மறுபடியும் கை வைக்கிறேன். நான் சொன்னதை நம்பி ஒருவர் மறுபடியும் பார்த்ததால்தான் என் மகள் எனக்கு இருக்கிறாள்.