ஜாக்கெட்டுக்குள் இருந்த பஞ்சு

போன வருடம் எங்கள் மகளுக்கு மொட்டையடித்துக் காது குத்த, திருத்தணி மலைமேல் உறவெல்லாம் கூடியிருந்த அன்று நடந்தது இது.

எனக்கு இடது தோளிலிருந்து மார்பு வரை பிறவியிலேயே ஒரு பழுப்பு மச்சம். வயதுக்கு வந்த பிறகு அது கருத்துப் படர்ந்தது. அந்தப் பக்கத்து மார்பு மட்டும் சரியாக வளரவில்லை. என்னை வயிற்றில் சுமந்தபோது கிரகணத்தன்று வெளியே போனதால்தான் என்று அம்மா தன்னையே நொந்துகொள்வார். வீட்டுக்கு வெளியே, எங்கள் தெருவில் தைக்கும் அக்கா ஒருவருக்குத்தான் விஷயம் தெரியும். நான் கேட்காமலே ஜாக்கெட்டின் இடப்பக்க லைனிங்குக்குள் பஞ்சு வைத்துத் தைத்துக் கொடுப்பார். அதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

மகள் தாய்ப்பால் மறந்த பிறகு, கணவர் என்னைச் சென்னையில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனார். மச்சம் அப்படியேதான் இருக்கும், இது யார் செய்த தப்பும் இல்லை என்று சொன்ன டாக்டர், என் வயிற்றிலிருந்து கொழுப்பை எடுத்து மார்பில் ஊசியால் செலுத்தினார். அதில் ஒரு பங்கு சில மாதங்களில் கரைந்துவிடும், மிஞ்சுவதுதான் நிலைக்கும் என்றார். அன்றிலிருந்து கண்ணாடியே கதி. கரைந்துவிட்டதோ? பிள்ளை பெற்றவளுக்கு இதெல்லாம் தேவைதானா?

காதுகுத்துக்குப் பட்டு ஜாக்கெட் தைக்க, வழக்கம்போலப் பழைய அளவு ஜாக்கெட்டையே அக்காவிடம் கொடுத்தேன். ஆபரேஷனைப் பற்றிச் சொல்லக் கூச்சம். அதற்குப் பிறகு நைட்டியும் சுடிதாருமாகவே இருந்துவிட்டேன், ஜாக்கெட்டே போடவில்லை. அன்று காலை அவசரமாக அதை மாட்டிக்கொண்டு மலையேறினோம்.

என் தம்பி மடியில் உட்கார்ந்து மகள் மொட்டைக்கு அழுதுகொண்டிருந்தபோது, எனக்கு இடது பக்கம் இறுக்க ஆரம்பித்தது. தொட்டால் கெட்டியாக ஒரு மேடு. வீக்கம் வந்தால் உடனே வரச் சொன்னாரே டாக்டர்!

"பாவா, ஒடனே மெட்ராஸ் போணும்" என்றேன் கணவரிடம். பாவம், காரணம்கூடக் கேட்காமல் வண்டி பார்க்க ஓடினார்.

விசேஷத்துக்கு வந்திருந்த தையல் அக்கா, என் முகத்தைப் பார்த்துவிட்டு, நாங்கள் அங்கே எடுத்திருந்த அறைக்குள் இழுத்துப் போனார். "இன்னாம்மா, மூஞ்சி இப்பிடி வெளுத்துக்கினு கீது?" அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அந்த மேட்டைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

"அடிப்பாவி! இது நான் வச்ச பஞ்சு! அளவு ஜாக்கெட்ல இருந்துச்சுன்னு வச்சேன். வாயத் தொறந்து சொன்னா இன்னா?"

வருடக்கணக்காக உடம்போடு உடம்பாக இருந்ததால், பஞ்சு இருப்பதே எனக்கு உறைக்கவில்லை! தன் தாலிச் சரட்டில் கோத்திருந்த ஊக்கை எடுத்துத் தையலைப் பிரித்து, அதை வெளியே உருவினார். மறுபடி ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, அளவெடுத்தது போல உட்கார்ந்தது. மாதக்கணக்கில் கண்ணாடி சொல்லியும் நான் நம்பாததை, அந்த ஜாக்கெட் ஒரு நொடியில் நம்ப வைத்தது.

"ஆங், இப்ப பாரு! போ, மொதல்ல வண்டி புடிக்கப் போன ஊட்டுக்காரரக் கூப்புடு. காது குத்த வாணாமா?"

மொட்டைத் தலையில் சந்தனத்தோடு ஓடி வந்த மகள், நாங்கள் சிரிப்பதைப் பார்த்துத் தானும் சிரித்தாள்.

அந்தப் பஞ்சு இப்போது அவள் பொம்மைக்குத் தலையணை. குறையை மறைத்தே பழகிய நான், அது தீர்ந்ததையும் மறைத்து வைத்துக்கொண்டு பயந்தேனே என்று அதைப் பார்க்கும்போதெல்லாம் சிரித்துக்கொள்கிறேன். நல்லது நடந்தால் இப்போது முதல் ஆளாக வாய் திறந்து சொல்லிவிடுகிறேன்.