மிதிக்க ஆள் தேவை

“செருப்போடயே ஏறுங்க. ஏறி நல்லா மிதிங்க!”

கேட்டைத் திறப்பதற்குள் விசில் பறந்தது. டிரில் டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்தவர், விசிலை மட்டும் கழுத்திலிருந்து இறக்கவில்லை. தபால்காரரோ, கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவர்களோ, அவர் வீட்டு வாசல் மண்ணை ஒரு சுற்று மிதித்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். சிலிண்டர்காரர் வந்தால் டீச்சருக்குக் கொண்டாட்டம். தோளிலிருந்து சிலிண்டரை இறக்கவே விடமாட்டார்.

இந்த மண்ணுக்கே உரிய புல்லும் பூச்செடியும் வாசல் நிறைய வளர வேண்டும் என்பது அவர் ஆசை. ரயில் பாதை ஓரமெல்லாம் அலைந்து பொறுக்கிய விதைகள், பொடி மாதிரி இருக்கும். மணலில் கலந்து தூவுகிறார்.

“மேல மண்ணப் போட்டு மூடினா வெளிச்சம் படாம முளைக்காது. சும்மா விட்டா மழை அடிச்சுட்டுப் போயிடும். மிதிச்சு ஒட்ட வைக்கணும்.”

போன வருஷம் சும்மாதான் விட்டார். விதையெல்லாம் தண்ணீரோடு போய் எதிர்வீட்டு வக்கீல் கார் நிறுத்துகிற இடத்தில் ஜோராகப் பூத்தது. வக்கீல் ஓயாமல் தும்மினார், ஆள் வைத்துப் பிடுங்கினார், டீச்சரோடு பேச்சை நிறுத்தினார்.

டீச்சரின் வீட்டுக்காரர், பாவம், பொறுமைசாலி. ஆனால் அவரும் சிமென்ட் கல் வாங்கி மதிலோரம் அடுக்கிவிட்டார். “இந்தத் தடவையும் முளைச்சு வரலன்னா வாசல் பூரா கல்லு பதிச்சுடுவேன். அப்புறம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காதே.” டீச்சர் அந்தக் கற்கள் பக்கம் திரும்புவதே இல்லை. அடுத்த தெருவில் இருக்கும் எனக்கு மனசு கேட்கவில்லை.

மிதித்துக் கொடுக்கலாமென்று நான் போன அன்று வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பாதி வாசல் இன்னும் மிதிபடவில்லை. வீட்டுக்காரருக்கு மூட்டுவலி, டீச்சருக்கு ஊதினால் பறக்கிற உடம்பு, நானும் அதே ரகம். “உங்களால பிரயோஜனமில்ல, கனமான ஆளு வேணும்” என்றவர் எதிர்வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். “வக்கீல் சார்! இந்த வருஷமும் பூ உங்களுக்குத்தான் போலிருக்கு!”

வக்கீல் வந்தார். நல்ல கனம். வாதம் சூடேறினால் நின்ற இடத்தில் நிற்க முடியாத மனிதர்.

“என்ன டீச்சர், விளையாடுறீங்களா? நோட்டீஸ் விடுவேன்!”

“காது கேக்கல சார், இப்படி உள்ள வந்து சொல்லுங்க.”

வந்தார். சட்டப் பிரிவுகளை அடுக்கிக்கொண்டே நடந்தார். “நோட்டீஸுல என்ன சார் போட்டிருக்கும்? அந்தச் சுவரோரமா நின்னு சொல்லுங்க.” சுவரோரம் போனார். கோபத்தில் காலை ஓங்கி வைத்த இடமெல்லாம் முதல் தரம். டீச்சர் பின்னாலேயே போய், பதிந்த தடத்தைப் பார்த்துப் பார்த்துத் தலையாட்டினார். தன் வாதத்துக்குத்தான் தலையாட்டுகிறார் என்று வக்கீலுக்கு உற்சாகம் கூடியது. வீட்டுக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார்.

வக்கீல் சட்டென்று நின்று குனிந்து பார்த்தார். வாசல் முழுக்க அவர் செருப்புத் தடம்.

“என்னை வெச்சு வேலை வாங்குறீங்களா?”

டீச்சருக்குக் குரல் இறங்கிவிட்டது. “இதுவும் அடிச்சுட்டுப் போனா அவர் கல்லு பதிச்சுடுவார் சார்.”

வக்கீல் மதிலோரத்துக் கற்களைப் பார்த்தார். விறுவிறுவென்று வெளியே நடந்தார். முதல் தூறல் விழுந்தது. கேட்டுப் பக்கத்து மூலையில் கொஞ்சம் மணல் இன்னும் மிதிபடாமல் இருந்தது. அதைத் தாண்டிப் போனவர் திரும்பி வந்தார். பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, இரண்டு காலையும் சேர்த்து அதன் மேல் ஒரு குதி குதித்தார்.